நின்ற லாரி, செத்தவன் குற்றம்

‘நின்றிருந்த லாரி மீது கார் மோதல், ஒரே குடும்பத்தில் 4 பேர் பலி.’

இந்த மாதிரி தலைப்பை எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? காபியை உறிஞ்சிக்கொண்டே ‘அய்யோ பாவம்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். அடுத்த தடவை கொஞ்சம் நின்று, பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்த மாதிரி அந்த வரியைப் பிரித்துப் பாருங்கள். எழுவாய் எது? கார். பயனிலை? மோதல். லாரி? அது பாட்டுக்குத் தேமேயென்று நின்றுகொண்டிருந்தது!

அது ஏன் சார் அங்கே நின்றது? ராத்திரி இரண்டு மணிக்கு, வண்டிகள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற தேசிய நெடுஞ்சாலையில், பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்குகூட எரியாமல், ஒளிரும் பட்டை எல்லாம் சேறு பூசிக் கிடக்க, எதற்காக நின்றது? டிரைவர் டீ குடிக்கப் போனாரா? டயர் வெடித்ததா? முதலாளியின் போனுக்குக் காத்திருந்தாரா? செய்தியில் அது இருக்காது. பிரேக் டவுன் ஆன லாரிக்கு நம் ஊரில் ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டு. நாலு கல், ஒரு வேப்பங்கொப்பு. வண்டி கிளம்பிப் போன பிறகும் அந்தக் கற்கள் ரோட்டிலேயே கிடந்து, அடுத்து வரும் பைக்காரரைக் கவனித்துக்கொள்ளும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 122 என்று ஒரு பிரிவு இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகிற மாதிரி பொது இடத்தில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. அதாவது, நிற்பதும் குற்றம்தான். ஆனால் எஃப்.ஐ.ஆர். எழுதுகிற கைக்கு வேறொரு வாக்கியம்தான் பழக்கம்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...’ யார் ஓட்டி வந்து? காரில் வந்தவர். அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே, மறுத்துப் பேசவா போகிறார்? ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க உயிரோடு இருப்பவர்கள் லாரி டிரைவரும் கிளீனரும்தான். செத்தவர் குடும்பமோ அந்த நேரத்தில் பிணவறை வாசலில். பிறகு என்ன? இறந்தவர் மேல் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவரே இறந்துவிட்டதால் வழக்கு முடித்து வைப்பு. ஃபைல் குளோஸ்.

இது கிரிமினல் வழக்கோடு முடிந்தால் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து அந்த மனிதரின் மனைவி நஷ்ட ஈடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதே எஃப்.ஐ.ஆரைத் தூக்கிக் காட்டுவார். “யுவர் ஆனர், தப்பு அவர் பேரில்!” பாதித் தப்பு செத்தவருடையது என்று முடிவானால் நஷ்ட ஈட்டில் பாதி காலி.

இந்த மாதிரி ஒரு கர்நாடக வழக்கு 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் சரியானது. நெடுஞ்சாலை நடுவே எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விடப்பட்ட டிரெய்லர் லாரி. அதில் மோதிய கார். கீழே பாதிப் பொறுப்பைக் காரின் தலையில் கட்டியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் துடைத்துப் போட்டு, முழுப் பொறுப்பும் லாரிப் பக்கம்தான் என்றது. விபத்து நடந்தது எப்போது தெரியுமா? 2013-ல். பதினோரு வருடம்!

காரில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த குழந்தைக்கு என்ன அஜாக்கிரதை இருக்க முடியும்? இரண்டு வண்டிகளின் தவறால் மூன்றாவது ஆள் பாதிக்கப்பட்டால், அவர் முழுத் தொகையையும் எந்த வண்டியிடமிருந்து வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் பாதிப் பாதி வாதம் செத்தபாடில்லை. காசா பணமா, வாதம்தானே!

நான் படித்தது பி.காம். சட்டத்தைவிடக் கணக்கு எனக்குக் கொஞ்சம் நெருக்கம். அதனால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் தேவைப்படலாம். தேவைப்படாமலே போகட்டும்.

34 வயதுக் கொத்தனார். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மாதம் 15,000 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். லாரி மோதி இறந்துபோகிறார். இதற்கு நஷ்ட ஈடு எவ்வளவு? நீதிபதி மனசு வைத்துக் கொடுப்பதில்லை இது. சூத்திரம் இருக்கிறது. டெல்லி போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் அட்டவணை போட்டது. 2017-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை இன்னும் துல்லியமாக்கியது. உயிரோடு இருந்தால் வருமானம் கூடியிருக்கும் அல்லவா? அதற்காக, நாற்பது வயதுக்குள் இருக்கிற சுயதொழில்காரருக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 15,000 என்பது 21,000 ஆகிறது. நாலு பேர் அவரை நம்பி இருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிவு. மீதி 15,750. வருடத்துக்கு 1,89,000. அவர் வயதுக்கு அட்டவணை சொல்கிற பெருக்கல் எண் 16. ஆக, 30 லட்சத்து 24 ஆயிரம். ஈமச்செலவு, கணவனை, அப்பாவை, மகனை இழந்ததற்கான தொகைகள் எல்லாம் தனி.

முப்பது லட்சம்! அந்தக் குடும்பத்தில் யாரும் கனவில்கூடப் பார்க்காத தொகை. சரி, அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

கொத்தனாருக்கு சம்பளச் சீட்டு உண்டா? மேஸ்திரி சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கொடுப்பதுதான் சம்பளம். அத்தாட்சி இல்லை. தீர்ப்பாயம் ‘உத்தேச வருமானம்’ என்று ஒன்றை எடுத்துக்கொள்ளும். 9,000 என்று எடுத்தால், அதே சூத்திரத்தில் 18 லட்சத்து 14 ஆயிரம். நின்ற லாரிக் கதையில் சொன்னபடி பாதித் தப்பு அவர் பேரில் என்றால் 9 லட்சத்து 7 ஆயிரம். முப்பது, ஒன்பதாகிவிட்டது. கவனியுங்கள், இதற்காக யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. ஒரு எஃப்.ஐ.ஆர். வாக்கியம், ஒரு சம்பளச் சீட்டு இல்லாமை. அவ்வளவுதான்.

(செத்தது கொத்தனாரின் மனைவியாக இருந்தால்? ‘வீட்டில்தான் இருந்தார், வருமானம் இல்லை’ என்பார்கள். சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்தவள் ‘சும்மா’ இருந்தாளாம். 2021-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது, அந்த உழைப்புக்கும் விலை போடுங்கள் என்று.)

அந்த ஒன்பது லட்சமாவது கைக்கு வருமா? அரசு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் காத்திருப்பார். ‘கேஸை நான் பார்த்துக்கறேன், நீங்க ஒரு பைசா செலவு பண்ண வேணாம், வந்ததுல இத்தனை பர்சன்ட் கொடுத்தா போதும்’ என்பார். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசக்கூடாது என்று வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியே இருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது. பர்சன்ட் வாசலில் இருக்கிறது. ஒழுங்காக நடத்திக் கொடுக்கிற வக்கீல்களை நான் சொல்லவில்லை. அவர்கள் பிணவறை வாசலில் நிற்பதில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வருவோம். நஷ்ட ஈடு என்றதும் ஏதோ கம்பெனிக்காரர் தன் பாக்கெட்டிலிருந்து தர்மம் பண்ணுகிற மாதிரி நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. இல்லீங்க! அந்தப் பணம் ஏற்கெனவே வசூலான பணம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் லாரி ரோட்டில் இறங்கக் கூடாது என்பது சட்டம். 2022 ஜூனில் அமலுக்கு வந்த அரசுக் கட்டணப்படி, 40 டன்னுக்கு மேற்பட்ட பொதுச் சரக்கு வண்டிக்கு வருடத்துக்கு 44,242 ரூபாய். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஃபைனான்ஸில் வண்டி எடுத்து, டீசல், டோல், டயர் என்று திணறுகிற லாரிக்காரர் அதைக் கட்டியிருக்கிறார். எதற்கு? ஒருவேளை தன் வண்டி யாரையாவது கொன்றுவிட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பதற்கு. சரக்குக்கு அனுப்பும் வாடகையில் அது ஏறி, நீங்கள் வாங்குகிற சிமென்ட் மூட்டையிலும் சர்க்கரையிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதாவது பிரீமியம் கட்டியது நீங்களும்தான்.

இன்னொரு விஷயம், பாலன்ஸ் ஷீட் படித்தவர்களுக்குத் தெரியும். க்ளெய்ம் நோட்டீஸ் வந்ததும் கம்பெனி அதை நிலுவைப் பொறுப்பாகக் கணக்கில் ஏற்றி, பணத்தை ஒதுக்கி வைத்தாக வேண்டும். ஒதுக்கிய பணம் சும்மா தூங்காது, முதலீட்டில் இருக்கும். நம் தீர்ப்பாயங்கள் கொடுக்கிற வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம், அதுவும் தனிவட்டி. நம் கொத்தனார் குடும்பத்தின் 30 லட்சத்து 24 ஆயிரத்தை ஆறு வருடம் இழுத்தடித்தால் தனிவட்டி 13 லட்சத்து 60 ஆயிரம். அதே 7.5 சதவீதத்தைக் கூட்டுவட்டியாகப் போட்டால் 16 லட்சத்து 43 ஆயிரம். வித்தியாசம் ஏறக்குறைய 2 லட்சத்து 82 ஆயிரம். இழுத்தடித்ததற்கு அபராதம் இல்லை. சன்மானம்!

தீர்ப்பு வந்தபிறகாவது? அப்பீல். சட்டத்தின் 173-வது பிரிவைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பணம் கொடுக்க வேண்டியவர் ஹைகோர்ட்டில் அப்பீல் போக 25,000 ரூபாயோ தீர்ப்புத் தொகையில் பாதியோ கட்ட வேண்டும். எது குறைவோ அது! எது குறைவோ... முப்பது லட்சம் தீர்ப்புக்கு 25,000. ஸ்டே கேட்டால் பெரிய தொகையை டெபாசிட் செய்யச் சொல்வது ஹைகோர்ட்டுகளின் வழக்கம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அது நீதிபதிகள் போடுகிற நிபந்தனை, சட்டம் கொடுத்த பாதுகாப்பு இல்லை. 1988-ல் எழுதிய 25,000 இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. 2019-ல் சட்டத்தையே புரட்டிப் போட்டுத் திருத்தியபோது, குடிமகன் கட்ட வேண்டிய அபராதங்கள் பல மடங்கு ஏறின. இது ஏறவில்லை.

கம்பெனிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். போலி க்ளெய்ம்கள் நிஜம். எங்கேயோ விழுந்து காலை உடைத்துக்கொண்டவருக்கு ஒரு வண்டியைச் ‘செட்டப்’ செய்து கேஸ் போடுகிற கும்பல்கள் இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் இதற்காகச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைத்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றமே கோபப்பட்டது. திருடனைப் பிடியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? திருடன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காகத் தெருவில் இருக்கிற எல்லோரையும் ஆறு வருடம் வாசலில் நிறுத்திவைப்பது எந்த ஊர் நியாயம்?

டிரைவரின் லைசென்ஸ் கதையைக் கேளுங்கள். இலகுரக வண்டிக்கான லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாமா? ‘தனி அனுமதி இல்லை, அதனால் பணம் கிடையாது’ என்று கம்பெனிகள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டின. ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடவில்லை. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து மறுபடியும் ‘ஓட்டலாம்’ என்று சொல்லும் வரை விடவில்லை. நசுங்கிச் செத்தவருக்கு அந்த லைசென்ஸைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுச் சாகிற வசதி இருந்ததா என்ன?

அடுத்தது, லாரியில் ஏறிப் போகிறவர்கள். நம் ஊரில் குலதெய்வம் கோயிலுக்கு, வளைகாப்புக்கு, காதுகுத்துக்கு மொத்த உறவும் மினி லாரியில் ஏறிப் போகிறதைப் பார்த்திருப்பீர்கள். கவிழ்ந்தால்? சரக்கோடு போகிற சரக்குச் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. சும்மா ஏறிக்கொண்டவர்களுக்குக் கிடையாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. ஆக, மூட்டைக்காரருக்குக் காசு உண்டு. மொட்டை போடப் போன குழந்தைக்கு இல்லை. வண்டி முதலாளியிடம் வாங்கிக்கொள் என்கிறது சட்டம். அவருடைய ஒரே சொத்து கவிழ்ந்து கிடக்கிற அந்த வண்டி. அதுவும் ஃபைனான்ஸ் கம்பெனி பேரில். கோயிலுக்கு பஸ் விடாத அரசாங்கம், லாரியில் ஏறியவனைப் பார்த்து ‘ஏன் ஏறினாய்?’ என்று கேட்கிறது.

என் கோபம் எல்லாம் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஆறு மாதம். 2019-ல் நிறைவேறி 2022 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 1988-ல் இதே கெடு இருந்தது. ஏழைகளுக்கு அநியாயமாக இருக்கிறது என்று 1994-ல் நாடாளுமன்றமே அதை எடுத்தது. கால் நூற்றாண்டு கழித்து அதே நாடாளுமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. தலையில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடப்பவன் ஆறு மாதத்தில் எழுந்து உட்கார்ந்தாலே பெரிய விஷயம். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்கு நடப்பதிலேயே நாலு மாதம் போய்விடும். கெடு தாண்டிவிட்டது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு மூச்சு விட வைத்தது. உத்தரவுக்குப் பெயர் இடைக்காலம். மறந்துவிடாதீர்கள்.

இதே திருத்தம் இன்னொரு வேலையும் செய்தது. முன்பெல்லாம் யார் தப்பு என்று பார்க்காமல், வழக்கு நடக்கும்போதே இறப்புக்கு 50,000 ரூபாய் உடனடியாகக் கிடைக்க 140-வது பிரிவு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே 5 லட்சம் வாங்கிக்கொள்ளலாம் என்று 164-வது பிரிவு வந்திருக்கிறது. நல்ல விஷயம் மாதிரி இருக்கிறது, இல்லையா? அதைச் சமரசமாக ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு செத்துப்போகும். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்கியிருக்கிற வீட்டில் போய் ஐந்து லட்சத்தை நீட்டினால், முப்பது லட்சத்துக்கு ஆறு வருடம் காத்திருப்பார்களா?

2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? இடித்துவிட்டு ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்கிற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து. வட மாநிலங்களில் பெட்ரோல் பங்குகள் வறண்டன. உடனே மத்திய அரசு பேச்சு வார்த்தைக்கு வந்து அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. டிரைவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் ஸ்டியரிங் இருக்கிறது, நிறுத்தினார்கள். ஆறு மாதக் கெடுவுக்கு எதிராக யார் எதை நிறுத்துவது? விதவைகளுக்குச் சங்கமா இருக்கிறது?

இத்தனைக்கும் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சட்டப்படி ஒழுங்காக நடந்தால், அந்தப் பெண் மனுவே போட வேண்டியதில்லை! 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிற விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளில் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் நஷ்ட ஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று ஸ்டேஷன்களில் தனிப் பிரிவு அமையுங்கள் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவே போட்டது.

அதனால், உங்கள் தெருவில், உங்கள் ஆபீஸ் செக்யூரிட்டி வீட்டில், உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவின் குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்துவிட்டால், மாலை வாங்கிக்கொண்டு போவதோடு நிற்காதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். லாரி எப்படி நின்றது, பின்விளக்கு எரிந்ததா, எச்சரிக்கை முக்கோணம் இருந்ததா என்று கிரேன் வந்து இழுப்பதற்கு முன்பே செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், வரைபடம் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். தப்பாக இருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மேஸ்திரியிடம், கூட வேலை பார்த்தவரிடம் சம்பளம் பற்றி இப்போதே எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அவர் வேறு ஊரில் இருப்பார். விபத்து தொப்பூர் கணவாயில் நடந்திருந்தாலும், குடும்பம் சென்னையில் இருந்தால் வழக்கைச் சென்னையிலேயே போடலாம், தர்மபுரிக்கு அலைய வேண்டாம். வண்டி நிற்காமல் ஓடிவிட்டதென்றாலும் சும்மா விடாதீர்கள். அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 அரசுத் திட்டத்தில் இருக்கிறது, கேட்பார் இல்லாமல்.

கடைசியாக அந்த ரைட்டரிடம் ஒன்று கேளுங்கள். மரியாதையாக, ஆனால் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி: “சார், 48 மணி நேரத்துல அனுப்பணுமே, அந்த முதல் விபத்து அறிக்கை, அனுப்பிட்டீங்களா?”